துடக்குப் படாத டிஸ்க்

சரஸ்வதி பூசையன்று பின்னேரம் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் சிட்னியில், கிரவீன் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற ஓவசியர் சிவசோதி, வயது எழுபத்துநான்கு. அவருடைய மனைவி மீனாம்பாள். மருமகள் நிரூபா. மகன் இந்திரகுமார் வீட்டில் இல்லை; மெல்பேணில், ட்ருகனினாவில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்கு விடியோ எடுக்கப் போயிருந்தான். மகனோடு வேலை செய்யும் லதீஸ் காலையில் வந்தவன். கராஜ் வாசலோடு நின்று, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். பின்னேரம் அவன் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. பிறகு உலாவிய கதைகளில் ஆட்களின் தொகை விருப்பப்படி கூடியும் குறைந்தும் விட்டது.

சிவசோதி கிளிநொச்சிப் பக்கத்தில் முப்பது வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர். அவர் பூட்டிவிட்டுப் போன துருசை, குளத்து மதகை, அவர் திரும்பி வரும்வரை ஒருவரும் திறந்ததில்லை. சிட்னிக்கு வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் ஆட்கள் அவரை ஓவசியர் என்றே அழைத்தார்கள். பென்டில் ஹில்லுக்கு மரக்கறி வாங்கப் போனாலும் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, பெல்ற் கட்டி, நிமிர்ந்துதான் நடப்பார். மகன் கலியாண விடியோத் தொழில் தொடங்கியபோது தகப்பன் பெயரையே வைத்தான்: சோதி விடியோ. வான் வண்டியின் இரண்டு பக்கமும் மஞ்சள் எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. வானில் தூசி படிந்தால் அவருக்குப் பொறுக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வாளியும் துணியுமாக இறங்கிக் கழுவுவார்.

எடுத்த படங்கள் எல்லாம் கராஜில் இருந்த சேர்வரில்தான் சேரும். மேசைக்குக் கீழே சேர்வர். மேசைக்கு மேலே, ஒரு தடித்த வயரால் அதனோடு பூட்டிய கறுத்தப் பெட்டி. பெட்டிக்கு ஐந்து இழுப்பறை. ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன லைற். ஐந்தும் பச்சையாக எரிந்தால் எல்லாம் சுகம். இரவும் பகலும் அது மெல்ல இரைந்துகொண்டிருக்கும். மீனாம்பாள் அந்த இரைச்சலோடு கதைத்துக்கொண்டே கராஜில் உடுப்பு மடிப்பாள்.

அந்தப் பெட்டியைக் கட்டியவன் லதீஸ். வயது முப்பத்தாறு. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் படகில் வந்தவன். இன்னமும் தற்காலிக விசாதான். கிழமை நாட்களில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். சனி ஞாயிறில் இந்திரகுமாரோடு கமரா தூக்குவான். ஊரில் கம்பியூட்டர் திருத்தப் பழகியவன் என்பதால் சேர்வரும் அவன் பொறுப்பு.

"எங்கட வீட்டுப் பொடியன் மாதிரி" என்பாள் மீனாம்பாள்.

"மாதிரி" என்பார் சிவசோதி.

பூசைக்குப் பன்னிரண்டு நாளுக்கு முன் லதீசின் தாய் உருத்திரபுரத்தில் காலமானாள்; அவனுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. அவன் போகவில்லை. போகலாம், போனால் திரும்பி வர முடியாது. செத்த வீட்டை அவனுடைய மச்சான் கைபேசியில் அழைப்புப் போட்டுக் காட்டினான். அங்கே காலை பதினொரு மணி, இங்கே பின்னேரம். லதீஸ் அந்த நேரம் களஞ்சியத்தில் வேலையில் நின்றான். கைபேசி லொக்கருக்குள். இரண்டு மணித்தியாலமும் அந்த அழைப்பைச் சேர்வர் தானாகப் பிடித்து வைத்துக்கொண்டது. அவன் அப்படி ஒழுங்குபண்ணி விட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தான். மச்சானுடைய கைபேசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. உலகத்தில் அந்தப் படம் இருந்தது கிரவீன் கராஜில் மட்டும்தான்.

பூசையன்று காலை எட்டு மணிக்கு அவன் டிரைவ்வேயில் வந்து நின்றான். மேற்கிலிருந்து சூட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள் தாடி. மேலே பச்சை மஞ்சள் வேலைச் சட்டை.

"ஐயா, நான் உள்ளுக்கு வரேல்லை. இந்தக் கதவை மட்டும் ஒருக்கால் உயத்தி விடுங்கோ. மேசை வாசலோடதானே கிடக்கு."

"பூசை நாளில வந்து நிக்கிறீர்."

"தெரியும் ஐயா. மூண்டாவது டிஸ்க் சாகப் போகுது. இரவு முழுக்க எனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டு கிடந்தது. இண்டைக்கு மாத்தாட்டில் எல்லாம் பிழையாப் போம்."

"உம்மட துடக்கு எப்ப கழியுது?"

"இன்னும் பத்தொன்பது நாள் கிடக்கு."

சிவசோதி கதவை உயர்த்தினார். உயர்த்திவிட்டு நாலு அடி தள்ளி நின்று பார்த்தார். மூன்றாம் லைற் மஞ்சளாக எரிந்தது. லதீஸ் வாசலுக்கு வெளியே முழங்காலில் இருந்து, உடம்பை வளைத்துக் கையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"சேர்வரை நிப்பாட்டேல்லையோ?"

"தேவையில்லை ஐயா. ஓட ஓடக் கழட்டலாம். ஓட ஓடப் பூட்டலாம். அதுக்கெண்டு செய்த பெட்டிதான்." மூன்றாம் இழுப்பறையை அரைவாசி இழுத்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

"என்ன பாத்துக்கொண்டு இருக்கிறீர்?"

"உள்ளுக்குச் சுத்துறது நிக்கவேணும்." பிறகு முழுவதும் எடுத்து, புதிய டிஸ்கைத் தள்ளிப் பூட்டினான். அந்த லைற் வேகமாகக் கண் சிமிட்டத் தொடங்கியது.

"சரியோ?"

"இனித்தான் அலுவல் இருக்கு. அஞ்சு பேர் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிக்கினம் எண்டு வையுங்கோ ஐயா. ஒராள் விழுந்தாலும் மற்ற நாலு பேரும் தாங்குவினம். புதுசா வாற ஆள் கையைக் குடுத்துச் சரியாத் தோளில ஏத்துமட்டும் அந்த நாலு பேரில ஒருத்தரும் அசையக் கூடாது. நாளைக்கு மத்தியானம் மட்டும் எடுக்கும். அதுவரைக்கும் இதில ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்."

சிவசோதியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "என்ர வீட்டில எதில கை வைக்கிறது, எதில வைக்கக் கூடாதெண்டு நீர் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் தம்பி."

"அதுக்குச் சொல்லேல்லை ஐயா." லதீஸ் எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டினான். "அம்மாவின்ர படமும் இதுக்குள்ளதான் கிடக்கு."

"பாத்தனீரோ?"

"இல்லை. தனிய இருந்து பாக்க ஏலாமக் கிடக்கு. முப்பத்தொண்டு அண்டைக்கு நாலு பேரோட இருந்து பாப்பம் எண்டு வச்சிருக்கிறன்."

மீனாம்பாள் பக்கக் கதவால் வந்தாள். கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி. "சாப்பிட்டனியோ மேனே?"

"ஓம் அம்மா."

"பொய். வாயைப் பாத்தாத் தெரியுது. நில்லு, அவல் கொஞ்சம் கட்டித் தாறன். இஞ்சாருங்கோ, பிள்ளையை வெயிலுக்க நிப்பாட்டி வச்சுக் கதைக்கிறியளே!"

"துடக்குக்காரனை வேற எங்க நிப்பாட்டுறது?" என்றார் சிவசோதி. கோபமாகச் சொல்லவில்லை. முறை அதுதான் என்று சொன்னார். லதீசும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டான். தேத்தண்ணியைக் குடித்துக் கோப்பையைக் கசக்கித் தன் பொக்கற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

"அப்ப போட்டு வாறன் ஐயா."

அன்று பின்னேரம் பூசைக்கு அடுக்கினார்கள். அந்த வீட்டில் சாமியறை என்பது உடுப்பு அலுமாரிக்கென்று கட்டிய சின்ன அறை. தட்டுகளுக்கு வெள்ளை விரித்து, படங்களை வைத்து, ஒரு மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். குசினியில் கடலை அவிந்துகொண்டிருந்தது. நிரூபா தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தாள். மீனாம்பாள் தையல் மெசினின் மூடியைத் துடைத்து வைத்தாள். சிவசோதி தன்னுடைய பழைய இரும்பு அளவுநாடாவை வைத்தார். வைத்துவிட்டுப் பார்த்தால், சோதி விடியோ என்ற தொழிலுக்கு அங்கே ஒரு சாமானும் இல்லை. வழக்கமாக வைக்கும் கமராக்கள் எல்லாம் மகனோடு மெல்பேணில்.

"தொழில் சாமான் ஒண்டும் இல்லாமல் என்ன பூசை?"

"இந்த முறை இல்லாட்டில் என்ன மாமா? அவர் அங்கயே கமராவுக்குப் பொட்டு வச்சிருப்பார்" என்றாள் நிரூபா.

"அவன் வச்சிருப்பான்! பன்னிரண்டு வருசமா இந்த அறையில வச்ச பூசை."

கராஜுக்குப் போனார். பெட்டி இரைந்துகொண்டிருந்தது. நாலு லைற் பச்சை. நடுவில் மூன்றாவது மட்டும் அவசரமாகச் சிமிட்டியது. காலையில் அவன் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. கை வைக்க வேண்டாம் என்றான். ஆனால் ஓட ஓடக் கழற்றலாம், அதற்கென்று செய்த பெட்டி என்றும் அவனேதான் சொன்னான். அவர் கண்ணாலும் கண்டார். ஒரு டிஸ்கை ஒரு இரவு சாமிக்கு முன்னால் வைத்துவிட்டுக் காலையில் பூட்டினால் என்ன குடி மூழ்கிப் போகும்? ஓவசியராக இருந்தவருக்கு ஒரு இழுப்பறையைத் திறந்து மூடத் தெரியாதா?

எதை எடுப்பது என்று யோசித்தார். மூன்றாவதற்குக் கை போனது; திரும்பி வந்தது. அது துடக்குக்காரனின் கை பட்டது. அதைச் சரஸ்வதிக்கு முன்னால் வைக்க முடியாது. முதலாவதைத் தாண்டித்தான் அவன் கை உள்ளே போனது. இரண்டாவதும் நாலாவதும் மூன்றாவதன் அயல். ஐந்தாவது சுவர்ப் பக்கம் ஒதுங்கி இருந்தது. காலையில் லதீசின் விரல் அதன் கிட்டவும் போகவில்லை.

ஐந்தாவதை இழுத்தார். அரைவாசியில் நிறுத்தவில்லை, ஒரே இழுப்பில் எடுத்தார். உள்ளே இன்னமும் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சாமான், வலையில் அகப்பட்ட விரால் மாதிரி அவருடைய மணிக்கட்டை ஒரு பக்கம் முறுக்கியது. எதிர்பாராத கை தளம்பி, டிஸ்க் மேசை விளிம்பில் ஒருதரம் இடிபட்டது. சின்னச் சத்தம்தான். திருப்பிப் பார்த்தார். வெளியில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே விர்ரென்று ஏதோ உரஞ்சி, மெல்ல ஓய்ந்தது.

அப்போது பெட்டி கீச்சிடத் தொடங்கியது. நாலு லைற்றும் ஒன்றாக மஞ்சளுக்கு மாறின. சிவசோதி ஒரு நிமிடம் நின்றார். பிறகு வெளியே வந்து கதவை இறுக்கிச் சாத்தினார்.

"என்ன அது கீச்சிடுது?" என்று குசினியிலிருந்து மீனாம்பாள் கேட்டாள்.

"மக்பைக் குருவி. வேலியில நிண்டு கத்துது."

டிஸ்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து அளவுநாடாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். மூன்று பேரும் பாடினார்கள். கடலையும் அவலும் மோதகமும் படைத்தார்கள். அந்த இரவு முழுவதும் விளக்கு எரிந்தது.

விடிய, பூசையில் வைத்தவற்றை எடுக்கும் நேரத்தில், டிஸ்கைத் துணியால் துடைத்துக்கொண்டுபோய் ஐந்தாம் இழுப்பறையில் தள்ளினார். அது 'டிக், டிக், டிக்' என்றது. மற்றபடி ஒரு லைற்றும் பச்சைக்குத் திரும்பவில்லை.

இந்திரகுமார் மத்தியானம் விமானத்தால் இறங்கி நேரே வந்தான். அவனுக்கு முதலே லதீஸ் டிரைவ்வேயில் கம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். களஞ்சியத்துக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். காற்று நின்று, வானம் ஈயம் மாதிரிக் கிடந்தது.

"என்னடா நடந்தது?" என்றான் இந்திரகுமார்.

"இன்னொரு டிஸ்கும் போச்சு அண்ணை. மூண்டாவது பாதியிலதான் நிக்குது. அதுக்குள்ள அஞ்சாவதும் போனால் ஒண்டும் செய்ய ஏலாது."

"ஒரே நாளில ரண்டு எப்பிடிப் போகும்? ஆரும் கழட்டினவையோ? அப்பா, நீங்கள் இதுக்குள்ள வந்தனீங்களோ?"

சிவசோதி கராஜின் உட்கதவில் நின்றார். வாயைத் திறந்தார். வெளியே நின்ற வான் வண்டியின் மஞ்சள் எழுத்து அவருக்கு நேரே தெரிந்தது.

லதீஸ் அந்த நேரம் ஐந்தாம் டிஸ்கைக் கையில் எடுத்திருந்தான். அதைத் தாங்கும் தட்டின் மூலையில், துடைத்த துணிக்கு எட்டாத இடுக்கில், பயறளவு சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. லதீஸ் அதைப் பார்த்தான். தலையை நிமிர்த்தவில்லை. பெருவிரல் நகத்தால் சுரண்டி, விரலை வேலைச் சட்டையில் துடைத்தான்.

"பழசு அண்ணை" என்றான். "அஞ்சும் ஒரே நாளில வாங்கினது. ஒண்டு போகேக்கை மற்றதும் போறதுதான்."

சிவசோதி இரண்டையும் கண்டார். சந்தனத்தையும் கண்டார், அது துடைபட்டதையும் கண்டார். இந்திரகுமார் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவன் ஒன்றையும் காணவில்லை.

பழைய கலியாணங்கள் தப்பிவிட்டன. அவற்றின் படிகள் வேறு டிஸ்குகளில், நிரூபாவின் தாய் வீட்டில் இருந்தன. போனது கடைசி இரண்டு கிழமை. அதற்குள் தேவராஜாவின் மகள் தர்ஷனாவின் கலியாணம் இருந்தது. லதீசின் தாயும் இருந்தாள்.

டிஸ்கைத் திறந்து பார்க்கும் ஓரிடத்துக்கு இந்திரகுமார் கொண்டுபோய்க் கொடுத்தான். நாலாம் நாள் கூப்பிட்டுச் சொன்னார்கள்: சுற்றிக்கொண்டிருந்தபோது அடிபட்டிருக்கிறது, உள்ளே தட்டு வட்டமாகக் கீறுப்பட்டுவிட்டது, எடுப்பதற்கு ஒன்றுமில்லை. டிஸ்கை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுத் திருப்பித் தந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை தேவராஜா வந்தார். கோயில் அலுவல்களில் முன்னுக்கு நிற்பவர், குரல் பெரியது. முன் ஹோலில் கதிரையில் இருந்தார். நிரூபா வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. லதீஸ் வெளியே வாசற்படியோடு நின்றான். கதவு திறந்திருந்தது.

"ஓவசியர், உங்களை நம்பித்தான் தந்தனான். சோதி எண்ட பேருக்காகத் தந்தனான். தாலி கட்டின நேரம் கூட இல்லையாமே! என்ர பிள்ளை மூண்டு நாளா அழுகுது."

சிவசோதி தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"கேள்விப்பட்டன். பூசையண்டைக்குத் துடக்கோட வந்து பெட்டிக்குள்ள கை விட்டதாம். சரஸ்வதி பூசையண்டைக்கு! உந்தக் கப்பலில வந்ததுகளுக்கு முறை தலை ஒண்டும் தெரியாது. இரக்கப்பட்டு உள்ளுக்கு எடுத்தனியள், இப்ப காணும்தானே?" கழுத்தை வாசல் பக்கம் திருப்பினார். "தம்பி, நீரோ கழட்டினது?"

மழை தூறத் தொடங்கியிருந்தது. லதீஸ் தகரக் கூரைக்குக் கீழே வரவில்லை, நனைந்துகொண்டு நின்றான். கண் தேவராஜாவைப் பார்க்கவில்லை. கதிரையில் நிமிர்ந்திருந்த கிழவரைப் பார்த்தது. ஒரு கேள்வி மாதிரியும் இல்லை, வேண்டுகோள் மாதிரியும் இல்லை. சும்மா பார்த்தான்.

"ஓம் அங்கிள். நான்தான் கழட்டினனான்."

மூன்றாவதைக் கழற்றியவன் அவன்தான். அது பொய்யில்லை.

சிவசோதியின் கையில் கோப்பை இருந்தது. முப்பது வருடம் ஒரு துருசைப் பிழையாகத் திறக்காத மனிதர். எழுபத்துநாலு வயதில், மகனுக்கும் மருமகளுக்கும் இந்த மனிதனுக்கும் முன்னால்... கோப்பையைச் சாசரில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

தேவராஜா போன பிறகு இந்திரகுமார் வாசலுக்குப் போனான். "லதீஸ், கோவியாதை. கொஞ்ச நாளைக்கு நீ வராமல் இரு. இந்தக் கதை ஆறட்டும்."

"பரவாயில்லை அண்ணை."

உள்ளே மீனாம்பாள் கணவனுக்கு முன்னால் வந்து நின்றாள். "அண்டைக்கு மக்பை கத்தினதெண்டியள்" என்றாள். "பொழுதுபட்ட பிறகு மக்பை கத்துமோ?"

பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்குத் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போவாள். கையில் தர மாட்டாள். நாற்பத்தெட்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

முப்பத்தோராம் நாள் வந்தது. லதீஸ் பென்டில் ஹில்லில் இன்னும் மூன்று பேரோடு இருந்த வீட்டில் படையல் வைத்தான். சிவசோதியும் மீனாம்பாளும் நடந்து போனார்கள். வான் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். வீதியெல்லாம் ஜக்கரண்டாப் பூக் கொட்டி, மிதிபட்டு, நிலம் வழுக்கியது. மீனாம்பாள் வாழைக்காய்ப் பொரியலும் பயற்றங்காய்க் கறியும் பாயாசமும் வாளியில் கொண்டுவந்தாள். அவரிடம் தூக்கக் கொடுக்கவில்லை.

ஹோலில் பத்துப் பதினைந்து கதிரைகள் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தன. சுவரில் ஒரு வெள்ளைத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. படம் காட்டுவதற்காக யாரோ நண்பர்கள் முதலே ஒழுங்குபண்ணிய இடம்; பிறகு அதை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. வந்தவர்கள் அந்த வெறுந் துணியைப் பார்த்தபடி இருந்து சாப்பிட்டார்கள். மூலையில் ஒரு குத்துவிளக்கு. அதற்குப் பின்னால் அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றைப் பெருப்பித்து வைத்திருந்தான். முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்திருந்தது. காது, மூக்குத்தி, ஒரு கண் மட்டும் தெளிவு.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைய, சிவசோதி பின்வளவுக்குப் போனார். லதீஸ் சட்டி கழுவிக்கொண்டிருந்தான். தாடி வழித்த முகம் சின்னதாகத் தெரிந்தது.

"தம்பி."

"இருங்கோ ஐயா, கதிரை கொண்டு வாறன்."

"வேண்டாம். நிண்டுகொண்டு சொல்ல வேண்டிய கதை." குரலைச் சரிப்படுத்தினார். "அந்த அஞ்சாவதை நான்தான் கழட்டினனான்."

லதீஸ் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டினான். "தெரியும் ஐயா."

"சந்தனத்தைக் கண்டுதானே?"

"அதுக்கு முதலே. எந்த நேரம் எதைக் கழட்டினது எண்டு சேர்வர் எழுதி வைக்கும். ஆறு நாப்பத்திரண்டு. அண்ணை மெல்பேணில, நான் வேலையில. நிரூபா அக்காவும் வீட்டு அம்மாவும் அதைத் தொட மாட்டினம்."

"பிறகேன் ஐசே சொல்லேல்லை? அவன் உம்மை வாசலில வச்சுக் கேக்கேக்கையும் சொல்லேல்லை!"

"சொன்னால்? படம் வருமோ?"

லதீஸ் கையைச் சறத்தில் துடைத்தான்.

"ஒண்டு மட்டும் விளங்கேல்லை ஐயா. புதுசை, மூண்டாவதை, எடுத்திருந்தால் ஒண்டும் நடந்திராது. அது அப்ப வெறும் சட்டி. அஞ்சாவதிலும் பாக்க வாசலுக்குக் கிட்டவும் அதுதான் இருந்தது. என்னத்துக்கு அங்கால, சுவரோட கிடந்ததை எடுத்தனீங்கள்?"

பொய் சொல்ல இடமிருந்தது. சிவசோதி சொல்லவில்லை.

"அது நீர் தொட்டது. துடக்கு எண்டு விட்டிட்டன்."

லதீஸ் கழுவிய சட்டியைத் திரும்பக் கையில் எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். அடுத்த வீட்டில் யாரோ புல்லு வெட்டும் மெசினை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், அது பிடிக்கவில்லை.

"அப்ப அந்த டிஸ்கை எங்க வச்சனீங்கள்?"

"சாமியறையில. விளக்குக்கு முன்னால. விடியுமட்டும்."

"அம்மாவின்ர படம் அஞ்சு டிஸ்கிலயும் துண்டு துண்டாத்தான் கிடந்தது ஐயா" என்றான் லதீஸ். "அப்ப செத்த வீட்டில ஒரு துண்டு ஒரு இரவு உங்கட சாமியறையில இருந்திருக்கு." அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியது. "பூ வச்சனீங்களோ?"

"ஓம்" என்றார் சிவசோதி. "மல்லிகை."

அப்போதுதான் லதீஸ் அழுதான். செத்த செய்தி வந்த அன்றும் அழாதவன் என்று மற்றப் பொடியன்கள் பிறகு சொன்னார்கள். சட்டியைக் கீழே வைக்காமல், அதைப் பிடித்துக்கொண்டே அழுதான். சிவசோதி அவனைத் தொடுவதற்குக் கையை நீட்டினார். துடக்கு அன்றைக்குக் காலையில் கழிந்துவிட்டது, தொடலாம். ஆனாலும் கை பாதியில் நின்றது. இனி அவனைத் தொடத் தனக்கு என்ன உரிமை என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகனுக்குச் சொன்னார். இந்திரகுமார் லதீசுக்கு அழைத்துத் திரும்பி வரச் சொன்னான். மெல்பேணில், ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் வேலைக்கு ஓம் சொல்லிவிட்டதாக லதீஸ் சொன்னான். அடுத்த கிழமை ஒரு பையோடு பஸ் ஏறினான்.

"தேவராஜா அங்கிளுக்கு இனி ஏன் அப்பா சொல்லவேணும்?" என்றான் இந்திரகுமார். "அவர் ஆறிட்டார். லதீசும் போயிட்டான். சோதி விடியோ எண்ட பேரையாவது—"

"அது என்ர பேர்" என்றார் சிவசோதி.

வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனார். வேட்டி, சால்வை. பூசை முடிந்து ஆட்கள் செருப்புப் போடும் இடத்தில், நாலு பேர் கேட்கத்தக்கதாகத் தேவராஜாவை மறித்தார்.

"தர்ஷனாவின்ர கலியாணப் படத்தை அழிச்சது நான். அந்தப் பிள்ளை இல்லை. என்ர கையாலதான் கழட்டினனான்."

தேவராஜா இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஓவசியர், உங்களை எனக்குத் தெரியாதே? நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவியள். ஊரைவிட்டுப் போற பொடியனுக்குக் கெட்ட பேர் வேண்டாமெண்டு பாக்கிறியள். உந்த மனம் ஆருக்கு வரும்?"

"நான் சொல்லுறது உண்மை."

"ஓம், ஓம்." தேவராஜா சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். "பாருங்கோ, பழைய ஆக்கள்."

சிவசோதி மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் குரல் உயர்ந்தது. ஒருவர் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த டிஸ்க் இப்போதும் கிரவீன் சாமியறையில், அளவுநாடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கு மல்லிகை வைப்பவர் சிவசோதி. மீனாம்பாள் தேத்தண்ணியை இன்னமும் மேசையில்தான் வைக்கிறாள்.

மேய்ஸ் ஹில்லில் ஒரு கதை உலாவுகிறது: படகில் வந்த பொடியன் துடக்கோடு பெட்டியைத் தொட்டுக் கலியாணத்தை அழித்தான்; ஓவசியர் பெரிய மனதோடு பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார் என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. லதீஸ் கழற்றியது மூன்றாவது. அது பழுதானது, கழற்ற வேண்டியது. ஐந்தாவதைக் கழற்றியவர் சிவசோதி. நேரம் ஆறு நாற்பத்திரண்டு. லதீஸ் அந்த வீட்டில் இருக்கவில்லை.